ஆளுநர் நட்ட ஒலிவ மரம்

எங்கள் ஸித்ரா மாகாணத்தில் இப்போது யாரும் சாவதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஹென்ஷிர் மாகாணத்திலும் யாரும் சாவதில்லை. நோய் உண்டு, வறட்சி உண்டு, குழாயில் தண்ணீர் வராது, ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது. சாவு மட்டும் கிடையாது. இதனால் பிழைப்புக் கெட்டுப்போனவன் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். என் பெயர் ஜீலானி. கபர் வெட்டுகிறவன்.

அப்படி இப்போது சொல்லக் கூடாது. போன ரமலானுக்கு முன்னால் எனக்கு ஒரு பச்சைச் சட்டை கொடுத்தார்கள். பையின் மேல் 'நல்வாழ்வுப் பூங்காப் பராமரிப்பாளர்' என்று தைத்திருந்தது. என் அப்பாவும் அவர் அப்பாவும் குழி வெட்டிய கபர்ஸ்தானுக்குப் பூங்கா என்று பெயர் மாற்றி, வாசலில் பலகை வைத்துவிட்டார்கள். தலைக்கு இத்தனை முழம் பசுமை நிலம் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். கபர்ஸ்தானைச் சேர்த்ததும் எங்கள் பசுமை ஒரே நாளில் கூடிவிட்டது. உள்ளே படுத்திருப்பவர்கள் ஆட்சேபம் சொல்லவில்லை.

இந்தக் கூத்துக்கெல்லாம் மூலம் தலைநகரில் இருக்கும் வாழ்க்கைத் தர ஒப்பீட்டு ஆணையம். பக்கத்துப் பக்கத்து மாகாணங்களை ஜோடி ஜோடியாக நிறுத்தி, எந்தப் பக்கத்தில் மனிதன் நன்றாக வாழ்கிறான் என்று வருடத்துக்கு ஒருமுறை அறிவிப்பது அதன் வேலை. மனிதன் நன்றாக வாழ ஏதாவது செய்வது அதன் வேலை இல்லை. அதற்கு வேறொரு ஆணையம் இருப்பதாகச் சொல்கிறார்கள், நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை.

எங்களுக்கு ஜோடி ஹென்ஷிர். நடுவில் ஒரு வாதி. மழை பெய்தால் ஆறு, மற்ற நாளெல்லாம் கல்லும் குப்பையும். அதன் மேல் ஒரு பாலம். இங்கே என்ன புழுதியோ அங்கேயும் அதே புழுதி. வெள்ளாடுகள் காலையில் இந்தக் கரையில் மேய்ந்து மத்தியானம் அந்தக் கரைக்குப் போகும். வாழ்க்கைத் தரம் மாறியதாக ஒரு ஆடுகூட முகத்தில் காட்டிக்கொண்டதில்லை. ஆணையம் மட்டும் கண்டுபிடித்தது. ஹென்ஷிரைவிட ஸித்ரா மயிரிழை பின்தங்கிவிட்டது என்றும், சராசரி ஆயுள்தான் காலை வாரிவிட்டது என்றும் அறிக்கை வந்தது.

ஆளுநருக்குப் பொறுக்கவில்லை. ஊரையே நகராட்சி முற்றத்தில் கூட்டினார்.

"நான் யாரையும் சாகக் கூடாதுன்னு சொல்லலை. உயிர் அல்லாஹ் கையில இருக்கு. ஆனா புள்ளிவிவரம் நம்ம கையிலதான் இருக்கு. ஹென்ஷிர்காரன் என்ன இரும்பையா திங்கிறான்? அவன் பொறுப்போட வாழறான், நீங்க பொறுப்பில்லாம செத்துப்போறீங்க. பிரசவத்துல போறீங்க, தேள் கடிச்சுப் போறீங்க, சும்மா காய்ச்சல்ல போறீங்க. எனக்கு என்ன வேதனைன்னா, உங்கள்ல ஒருத்தராவது என் ஆபீசுக்கு வந்து முன்கூட்டியே சொன்னீங்களா?"

மோங்கி மட்டும் கையைத் தூக்கினான். பாலத்தோரத்தில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன், என் அடுத்த வீட்டுக்காரன். யார் எது சொன்னாலும் உண்மையென்று நம்பிவிடுகிற சாதி.

"ஸீதி, ஆஸ்பத்திரிக்கு ஒரு டாக்டர் வந்தா நல்லா இருக்கும்." ஸீதி என்றால் எங்கள் பக்கத்தில் ஐயா.

"டாக்டர் வந்தா என்ன பண்ணுவார்? நோயைக் கண்டுபிடிப்பார். நோய் கூடிச்சுன்னா மார்க் குறையும். கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க தம்பி."

மோங்கி வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தான். "அவர் சொல்றதுலயும் ஒரு இது இருக்குல்ல ஜீலானி அண்ணே" என்றான். எருமை மாட்டு மேல மழை பேஞ்ச கதையாக நடந்தேன்.

அதற்குப் பிறகு வரிசையாகச் சீர்திருத்தங்கள் வந்தன. பள்ளிவாசலில் பிணம் சுமக்க வைத்திருந்த மையத்துக் கட்டிலை எடுத்துக்கொண்டு போய், கைப்பிடியை அறுத்து, பச்சை வண்ணம் அடித்து, பூங்காவில் உட்காரும் பலகையாகப் போட்டார்கள். மவுத்துச் செய்தியை ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாது என்று பள்ளிவாசல் இமாம் ஷேக் துஹாமிக்கு உத்தரவு வந்தது. ஒப்பாரி, கூட்டம் கூடுதல், வாசலில் நாற்காலி போடுதல் எல்லாம் மனநலக் குறியீட்டைப் பாதிக்கும் என்று தடை வந்தது. கடைசியாக வந்தது நல்வாழ்வு வண்டி.

வெள்ளை வேன். பக்கவாட்டில் சிரிக்கிற சூரியன் படம். இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களை அதில் ஏற்றி, உயர்சிகிச்சைக்கு ஹென்ஷிருக்கு அனுப்புவார்கள். ஹென்ஷிரிலும் மூளை இருக்கிறதே, அவர்களும் ஒரு வேன் வாங்கி, இழுத்துக்கொண்டு கிடக்கிறவர்களை உயர்சிகிச்சைக்கு ஸித்ராவுக்கு அனுப்பினார்கள். இரண்டு வேனும் பாலத்தின் நடுவில் சந்திக்கும். ஓட்டுநர்கள் இறங்கி, ஒருவர் சிகரெட்டில் இன்னொருவர் பற்றவைத்து, நோயாளிகளை மாற்றிக்கொள்வார்கள். ஆணையத்தின் விதிப்படி அயல் மாகாணத்திலிருந்து வருகிறவர் விருந்தினர். விருந்தினர் எந்த மாகாணத்தின் கணக்கிலும் வரமாட்டார். அப்புறம் இரண்டு வேனும் பாலத்துக்கு அடியில் வாதிக்குள் இறங்கும். மோங்கி தன் கடையிலிருந்தே இதைப் பார்ப்பான்.

"கீழ எதுக்கு எறங்குறாங்க அண்ணே? ஆஸ்பத்திரி மேலதானே இருக்கு?" என்று என்னிடம் கேட்டான்.

நான் ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்த்தேன். கல்லும் குப்பையுமாகக் கிடந்த இடத்தில் வரிசை வரிசையாகப் புது மண் மேடு. தலைமாட்டில் கல் இல்லை, பெயர் இல்லை. பாதி மேடுகள் நாங்கள் தொழும் திசையான கிப்லாவைப் பார்க்கவும் இல்லை. தொழில் தெரியாதவன் வெட்டியது. ரொட்டிக்கடைக் கமீஸ், வேனில் போன தன் அப்பா எப்படி இருக்கிறார் என்று அலுவலகத்தில் கேட்கப் போனபோது, "ரொம்ப சந்தோஷமா இருக்கார், உங்ககூடப் பேச அவருக்கு நேரமே இல்லை" என்றார்களாம். அவன் ரொட்டிக்கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தான்.

மோங்கியின் பெண்டாட்டி ஸல்ஹாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோங்கி எந்த அளவுக்கு ஏமாளியோ அந்த அளவுக்கு அவள் விவரம். வாய் கத்தி. கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வீட்டுக்காரனைப் பேச விடமாட்டாள். ஆணையத்தின் சார்பில் இப்திஸாம் என்றொரு பெண், கையில் டேப்லெட் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்தாள். நான் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"வாழ்க்கையில உங்க திருப்திக்குப் பத்துக்கு எத்தனை தருவீங்க அக்கா?"

மோங்கி வாயைத் திறந்தான். ஸல்ஹா கையைக் காட்டி அடக்கினாள்.

"நீ சும்மா இரு. கவுர்மெண்டு ஆளுங்ககிட்ட எனக்குப் பதிலா நீ பேசாதேன்னு எத்தனை தடவை சொல்றது. ஏம்மா, அந்தக் குழாயைப் பாத்தியா? எனக்குக் கல்யாணம் ஆனப்போ வச்சது. சிலந்தி குடும்பம் நடத்துது. தண்ணி வர்ற அன்னிக்கு வந்து கேளு, பத்துக்குப் பத்து தர்றேன்."

"அப்படி எழுத எடமில்லையே அக்கா. ஒண்ணுலேருந்து பத்துக்குள்ள சொல்லணும்."

"குறிப்புன்னு ஒரு எடம் இருக்கும் பாரு, அதுல எழுது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். மோங்கி வாசல்வரை போய், "அவ அப்படித்தான் பேசுவா, மனசுல வச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டு அனுப்பினான்.

அந்தக் கோடையில்தான் ஸல்ஹாவின் வயிறு வீங்கத் தொடங்கியது. பார்க்க டாக்டர் இல்லை. நர்சு ஒருத்தி தொட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். மறுநாளே நல்வாழ்வு அலுவலகத்திலிருந்து லமீன் வந்தான். எங்கள் தெருவுக்கு அவன்தான் கண்காணிப்பாளன். கெட்டவன் என்று சொல்ல முடியாது, வேலையை விட்டால் அவனுக்கும் நாதியில்லை. ஸல்ஹாவின் பெயரை வேனுக்குப் பதிந்துவிட்டதாகவும், முறை வரும்போது கூப்பிடுவதாகவும் சொன்னான்.

"உயர்சிகிச்சையாம், சொகமாயிடும்" என்றான் மோங்கி, அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து.

"நீ பாலத்துல உக்காந்து தெனம் பாத்துட்டுதானே இருக்கே. போனவங்க யாராவது திரும்பி வந்தாங்களா?"

மோங்கி யோசித்தான். அவன் முகத்தில் அது மெல்ல மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். பாவி மனுஷன், அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய் நின்றான்.

ஸல்ஹா என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணே, எனக்கு வாழ்க்கையில பெருசா ஆசையெல்லாம் ஒண்ணுமில்லை. யூனுஸ் பக்கத்துல என்னைப் போடணும். அவ்வளவுதான்."

யூனுஸ் அவள் பெற்ற ஒரே பிள்ளை. நடை பழகும் முன்னே போய்விட்டான். அந்தச் சின்னக் குழியை வெட்டியவன் நான்தான். பக்கத்தில் அம்மாவுக்கென்று இடமும் விட்டிருந்தேன். இப்போது அந்த இடத்தில் குழி தோண்டுவது பசுமை நிலத்தைச் சேதப்படுத்திய குற்றம்.

"பூங்காவுல கபர் வெட்ட விடமாட்டாங்கம்மா. மரம் நடத்தான் விடுவாங்க. அடுத்த வாரம் ஆளுநரே வர்றாராம், ஒலிவ மரம் நட. என்னையத்தான் குழி வெட்டச் சொல்லியிருக்காங்க. நல்லா ஆழமா வெட்டணுமாம், மரம் பெருசாம்."

ஸல்ஹா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள்.

"எந்த எடத்துலன்னு சொன்னாங்களா?"

"என் இஷ்டம்னுட்டாங்க."

"அப்ப அதுல எனக்கும் ஒரு ஓரம் ஒதுக்குங்கண்ணே. ஆளுநர் கையால மண்ணு விழுந்தா கசக்கவா போகுது? சீக்கிரம் வெட்டுங்க, அதுவரைக்கும் நான் தாக்குப்பிடிக்கிறேன்."

தாக்குப்பிடித்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பெண். விழா நாளன்று அதிகாலைச் சுபுஹு பாங்குக்குப் பின், மோங்கி ஓதிக்கொண்டிருக்கும்போதே அடங்கிவிட்டாள். எங்கள் பக்கம் மையத்தைப் பொழுது சாய்வதற்குள் அடக்கிவிட வேண்டும். விழா சாயங்கால அஸர் தொழுகை நேரத்துக்குப் பிறகு. நேரம் சரியாக இருந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் குர்ஆன் மேல் கை வைத்துச் சொன்னார்கள்: அழமாட்டோம், கூடமாட்டோம், ஒரு குஞ்சுக்கும் தெரியவிடமாட்டோம்.

குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. அடுத்த வீட்டு ஃபதீலா, ஒவ்வொரு வீட்டிலும் பிடித்து வைத்திருந்ததில் ஒரு குவளை ஒரு குவளையாகக் கேட்டு, பாவாடைக்குள் மறைத்து எடுத்து வந்து சேர்த்தாள். அவளே குளிப்பாட்டி, வெள்ளைக் கஃபன் துணியைச் சுற்றினாள். சத்தம் போட்டு அழக் கூடாதென்று துப்பட்டாவைப் பல்லில் கடித்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தாள். அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது.

கெடுத்தது குஸ்குஸ்.

மவுத்தான வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்பு எரியக் கூடாது. அக்கம்பக்கத்தில்தான் கோதுமை ரவையில் குஸ்குஸ் ஆக்கி அனுப்ப வேண்டும். இது சட்டமில்லை, எங்கள் கைக்குப் பழகிப்போனது. அன்றைக்கு அனுப்பக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொருத்தியும், ஊரே அனுப்பாது, நாம் மட்டும் ஒரு தட்டைத் துணி மூடிக் கொடுத்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்திருக்கிறாள். மத்தியான லுஹர் தொழுகை முடிந்ததும் தெருவின் எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறந்தது. எல்லாக் கதவிலிருந்தும் துணி மூடிய தட்டோடு ஒரு பெண் வந்தாள். ஒருத்தியை ஒருத்தி பார்த்துவிட்டு நடுத்தெருவில் நின்றார்கள். எதிரே காப்பிக்கடையில் லமீன் உட்கார்ந்திருந்தான்.

அவன் எழுந்து, தட்டுகளுக்குப் பின்னாலேயே மோங்கியின் வீட்டுக்குள் வந்தான்.

"என்ன விசேஷம்?"

மோங்கி என்னைப் பார்த்தான். பொய் சொல்ல அவனுக்கு வராது.

"ஆளுநர் வர்றார்ல ஸீதி, சந்தோஷத்துல சமைச்சிருக்கோம்" என்றேன் நான்.

"நல்லது. மகிழ்ச்சிக் குறியீட்டுல சேத்துக்கலாம்." உட்கார்ந்தான். ஒரு தட்டை இழுத்துச் சாப்பிட்டான். "உப்புக் கம்மி" என்றான். அழுதுகொண்டே சமைத்தால் உப்பு எங்கே நினைவிருக்கும். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, "ஸல்ஹா அக்காவுக்கு இன்னிக்கு முறை வந்திருக்கு. அஸர் பாங்கு சொன்னதும் வேன் வரும். ஒரு பார்வை பாத்துக்கறேன்" என்றான்.

அறைக்குள் போனான். கஃபனுக்கு மேல் ஃபதீலா ஒரு போர்வையைப் போட்டு முகத்தை மட்டும் விட்டிருந்தாள். தாடையைக் கட்டிய துணியை முக்காடு மறைத்திருந்தது. லமீன் வாசற்படியில் நின்று பார்த்தான். நானும் அவன் பின்னால் நின்றேன். அவனுடைய சொந்த மாமியாரையும் அந்த வேன் கொண்டுபோயிருந்தது.

"தேறிட்டாங்க" என்றான்.

"ஆமா ஸீதி" என்றேன் நான்.

"முகம் தெளிவா இருக்கு. எனக்கு வேற ஒண்ணும் தெரியலை. தெரிஞ்சா நான் எழுதணும், எழுதினா என் தெருவுல ஒண்ணுன்னு ஆயிடும். இதுவரைக்கும் என் தெருவுல ஒண்ணுகூட இல்லை." கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றான். "வேனை நான் நிறுத்த முடியாது. வந்தா ஏத்திட்டுத்தான் போவாங்க."

அவன் போனதும் மோங்கி என் கையைப் பிடித்துக்கொண்டான். "வாதிக்குக் கொண்டுபோயிடுவாங்கண்ணே. அவளைக் குப்பையில போட்டுடுவாங்க."

தெரு ஆண்களைப் பூங்காவுக்கு ஓடி, அந்தப் பச்சைப் பலகையைத் தூக்கிவரச் சொன்னேன். விழாவுக்கு மரம் கொண்டுவரப் பலகை வேண்டும் என்றால் யார் கேட்கப் போகிறார்கள். பலகை வந்தது, காலையில் நகராட்சி லாரி தெருமுனையில் இறக்கிவிட்டுப் போன ஒலிவ மரமும் வந்தது. எத்தனையோ பேரைச் சுமந்த கட்டில், வண்ணம் அடித்தாலும் வேலையை மறக்கவில்லை. ஸல்ஹாவை அதில் கிடத்தி, மேலே சாக்குப் போட்டு, அதற்கும் மேலே ஒலிவ மரத்தைச் சாய்த்து வைத்துக் கிளைகளால் மூடினோம். தெரு ஆண்கள் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்தார்கள். வழியில் ஆளுநரின் உதவியாளர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார்.

"ஒரு மரத்தை இத்தனை பேர் தூக்குறீங்களே. என்ன ஆர்வம்." போன் எடுத்துப் படமும் பிடித்துக்கொண்டார்.

குழியை நான் இரண்டு நாளைக்கு முன்பே வெட்டி முடித்திருந்தேன், யூனுஸின் கபரை ஒட்டி. மேலிருந்து பார்த்தால் மரத்துக்கான குழி. அடியில் கிப்லாப் பக்கமாக ஒரு மாடம் குடைந்திருந்தேன். ஆளை வலப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்துகிற அளவு. நானும் மோங்கியும் இறங்கி அவளை வைத்தோம். மோங்கி அவள் காதருகே குனிந்து ஏதோ சொன்னான், எனக்குக் கேட்கவில்லை. பச்சைச் செங்கல்லால் மாடத்தை அடைத்து, சேறு பூசி ஏறினோம். அஸர் பாங்கு கேட்டது. சிரிக்கிற சூரியன் மோங்கியின் தெருவுக்குள் திரும்புவதையும் பார்த்தேன்.

தொழுகை மட்டும் பாக்கி. இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை நடத்த ஷேக் துஹாமிக்குத் தடை. அதற்குள் ஆளுநர் வந்து இறங்கிவிட்டார். கிப்லாத் திசையில் குழிக்கு அந்தப் பக்கம் அவருக்கு இருக்கை போட வேண்டும் என்றார்கள். பச்சைப் பலகையைத் துடைத்துப் போட்டோம். ஆளுநர் அதன் மேல் சௌகரியமாக உட்கார்ந்தார். மையத்தோடு பெண்கள் கபர்ஸ்தானுக்கு வருவது எங்கள் வழக்கமில்லை. ஆனால் விழாவுக்கு வருகை கட்டாயம் என்பதால் ஃபதீலாவும் மற்றவர்களும் பின்வரிசையில் நின்றார்கள்.

ஷேக் துஹாமி எங்களுக்கு முன்னால் வந்து, குழியைப் பார்த்து நின்றார். அவர் பார்த்தது கிப்லாவை. ஆளுநர் இடையில் இருந்தார். எங்கள் பக்கத்தில் தொழும்போது கையைக் கட்டுவதில்லை, பக்கவாட்டில் தொங்கவிட்டுத்தான் நிற்போம். ஜனாஸாத் தொழுகையில் குனிவதும் இல்லை, நெற்றியைத் தரையில் வைக்கும் சஜ்தாவும் இல்லை. ஆகவே ஊரே அணிவகுப்பு மாதிரி விறைத்து நின்றது. ஆளுநர் இப்படியொரு ஒழுங்கை அதுவரை கண்டதில்லை. நெகிழ்ந்துபோய் எழுந்தார்.

"இந்த எடம் முன்னாடி என்னவா இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மறந்துடுங்க. நான் மறந்துட்டேன்."

"அல்லாஹு அக்பர்" என்றார் ஷேக். தொழுகை தொடங்கியது.

ஆளுநர் தலையாட்டி ஏற்றுக்கொண்டார். "நான் வந்தப்போ ஜனங்க கண்டபடி செத்துட்டிருந்தாங்க. ஆஸ்பத்திரி கட்டுன்னாங்க. நான் கட்டலை. பலகை வச்சேன். இன்னிக்கு ஒரு சாவு உண்டா?"

"அல்லாஹு அக்பர்."

"அந்தக் கரையில ஹென்ஷிர்காரன் என்ன சொல்றான்? நாம ஏமாத்துறோம்கிறான். நம்மகிட்ட கத்துக்கிட்டதையே செஞ்சுட்டு நம்மளைச் சொல்றான். நான் கேக்கறேன், உயிரோட இருக்கறவன் கணக்குல தப்பு வந்தா வரட்டும், செத்தவன் வந்து புகார் குடுத்தானா?"

"அல்லாஹு அக்பர்."

"ஒரு மாகாணத்துக்கு எது அழகு? உங்களை மாதிரி நிக்கிறதுதான் அழகு. எதுவும் கேக்காம, எதுவும் பேசாம."

"அல்லாஹு அக்பர்" என்றார் ஷேக் நான்காவது முறையாக, குரல் உடைந்து. பிறகு தொழுகையை முடிக்க வலப்பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தார். ஊரே வலப்பக்கம் திரும்பியது. அங்கே புகைப்படக்காரர் நின்றிருந்தார். தனக்காகத்தான் எல்லோரும் திரும்பினார்கள் என்று நினைத்து அவசர அவசரமாகப் படம் எடுத்தார். ஆக, ஆட்சியில் இருக்கும் ஆளுநர் எதிரே நிற்க, ஊரே திரண்டு ஜனாஸாத் தொழுதது எங்கள் ஸல்ஹாவுக்குத்தான். பெரிய பணக்காரனுக்குக்கூடக் கிடைக்காத மரியாதை.

மரத்தைக் குழியில் நிறுத்தினோம். ஆளுநர் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் போட்டார். கையைத் தட்டிக்கொண்டார். யாரும் அசையவில்லை, கபருக்கு மூன்று பிடி போடுவதுதான் எங்கள் முறை.

"இன்னும் ரெண்டு பிடி போடணும் ஸீதி" என்றான் மோங்கி.

"எதுக்கு?"

"மூணு பிடி போட்டாத்தான் எங்க ஊர்ல புடிக்கும்."

ஆளுநர் இன்னும் இரண்டு பிடி போட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து மும்மூன்று பிடி போட்டார்கள். மோங்கி கடைசியாகப் போட்டான். போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதான். ஆளுநர் அவனைத் தட்டிக்கொடுத்து, புகைப்படக்காரரைக் கூப்பிட்டார்.

"நன்றியில அழறான் பாருங்க. இதை முதல் பக்கத்துல போடச் சொல்லுங்க."

வேனோடு வீட்டுக்குப் போய் வெறும் கட்டிலைப் பார்த்துவிட்டு, லமீன் அப்போதுதான் மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். வேன் ஓட்டுநரும் கூடவே நின்றான்.

"எங்க உங்க வீட்டம்மா?"

"இங்கதான் இருக்கா ஸீதி. விழாவுக்கு வந்திருக்கா" என்றான் மோங்கி. அந்த மனுஷன் வாழ்க்கையில் பொய் சொன்னதில்லை, அன்றைக்கும் சொல்லவில்லை.

லமீன் மரத்தைப் பார்த்தான். மோங்கியின் முழங்கைவரை அப்பியிருந்த ஈரச் சேற்றைப் பார்த்தான். "கூட்டத்துல எனக்குத் தெரியலை" என்றான். ஓட்டுநரிடம் திரும்பி, "குணமாயிட்டாங்க, பொது நிகழ்ச்சியில கலந்துக்கறாங்கன்னு போட்டுக்க" என்று அனுப்பினான். பிறகு அவனும் குனிந்து மூன்று பிடி மண் போட்டான்.

அந்த வருடம் ஸித்ரா ஜெயித்தது. ஆயுளில் முந்தினோம், பசுமையில் முந்தினோம், மக்கள் ஒழுங்கில் தனிப் பாராட்டு. ஹென்ஷிர் ஆளுநரை மாற்றிவிட்டார்கள். எங்கள் ஊரில் மரம் நடும் ஆர்வம் திடீரென்று பெருகியது. எந்த வீட்டிலாவது உடம்பு முடியாதவர் இருந்தால், "அடுத்த மரம் எப்ப அண்ணே?" என்று இரவல் கேட்பது போல மெதுவாக என்னிடம் வந்து கேட்பார்கள். நான் ஆழமாக வெட்டுவேன். ஆளுநர் மகிழ்ந்து கன்று கன்றாக அனுப்பினார். ஹென்ஷிரின் புது ஆளுநருக்கு இது தெரிந்து, அங்கேயும் மரம் நட ஆரம்பித்துவிட்டார்கள். நமக்கு மேல் நடுகிறார்கள் என்று கேள்வி.

ஆளுநர் நட்ட மரம் பட்டுப்போனால் மார்க் போய்விடும். ஆகவே பெரிய சாலையிலிருந்து பூங்காவரைக்கும் குழாய் பதித்தார்கள். அது மோங்கியின் வாசல் வழியாகத்தான் போகிறது. அவன் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க உத்தரவில்லை. மரத்தடியில் ஒரு குழாய் நிறுத்தியிருக்கிறார்கள். காலையும் மாலையும் தண்ணீர் கொட்டுகிறது. மோங்கி குடத்தோடு வருவான். முதலில் யூனுஸ் பக்கம் கொஞ்சம் தெளிப்பான், பிறகு மரத்துக்கு ஊற்றுவான், பிறகு வீட்டுக்குப் பிடித்துக்கொண்டு போவான்.

இந்த வருடக் கணக்கெடுப்புக்கு இப்திஸாம் மறுபடி வந்தாள். மோங்கி அப்போது குடத்தோடு வாசலில் இறங்கிக்கொண்டிருந்தான், நானும் கூட இருந்தேன்.

"ஸல்ஹா அக்கா இருக்காங்களா? கணக்குல அவங்க பேர் இருக்கு. அவங்க பதில் பாக்கி."

"நான் சொல்லக் கூடாதும்மா. அவளுக்குப் பதிலா நான் பேசினா அவளுக்குப் பிடிக்காது. போன தடவை அவ என்ன சொன்னான்னு உங்ககிட்ட இருக்கா?"

அந்தப் பெண் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "குறிப்புல இருக்கு. தண்ணி வர்ற அன்னிக்கு வந்து கேளுன்னு சொல்லியிருக்காங்க."

"வாங்க" என்றான் மோங்கி.

பூங்காவுக்குக் கூட்டிவந்தான். மரத்தடியில் நிறுத்தி, குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் கொட்டியது. "இப்ப கேளுங்க" என்றான்.

அவள் மரத்தைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த சின்னக் கபரைப் பார்த்தாள், எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. ஆனால் பதில் வராவிட்டால் மூன்று முறை கேட்க வேண்டும் என்பது விதியாம். தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி, "ஸல்ஹா அக்கா, வாழ்க்கையில உங்க திருப்திக்குப் பத்துக்கு எத்தனை தருவீங்க?" என்று கேட்டாள். காத்திருந்தாள். இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்கும்போது அவளுக்குக் குரல் வரவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

'குறை எதுவும் சொல்லவில்லை' என்று போட்டுக்கொண்டாள். விதிப்படி அதற்குப் பத்துக்குப் பத்து.

அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, மோங்கி குடத்தைக் குழாயடியில் வைத்தான். அவன் வீட்டில் அன்றைக்கும் தண்ணீர் வரவில்லை.